எறும்புக் கிண்ணமும் என் கையெழுத்தும்

சுகாதார ஆய்வாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தரும்படி சங்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஊக்கம் வேண்டுமானால் டானிக் வாங்கிக் குடியுங்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஊர்ச் சாக்கடையை எட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன். என்னிடம் மிச்சம் இருப்பது நான் செய்த தப்புகள்தான். அதில் பெரியதை இங்கே எடுத்து வைக்கிறேன். சின்னத் தப்புகளை நீங்களே செய்துகொள்வீர்கள். அதற்கு என் உதவி தேவைப்படாது.

சாந்தோம் கடற்கரையில் ஒரு குப்பத்தையே பிரித்துப் போட உத்தரவு வந்தது. டெங்குக் காய்ச்சல் அங்கிருந்துதான் பரவுகிறது என்று ஓர் இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தான். அந்தப் புத்திசாலி நான்தான். நேரில் பார்த்தேன் என்பது பொய்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். அவன் வராததால் கொஞ்சம் ஏமாற்றத்தோடு ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மயிலாப்பூரில் தெருவுக்குப் பத்து வீடு இன்னும் பூட்டிக் கிடந்தது. என் வீட்டாரையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தேன். இலாகாவில் ஆள் பற்றாக்குறை. மயிலாப்பூர், சாந்தோம் போதாதென்று தியாகராய நகரில் நாலு தெருவையும் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

அந்த நாலு தெருவில் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். விமானத் தாக்குதல் வந்தால் தீயை அணைக்க, வாசலில் வாளி நிறையத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று ஏ.ஆர்.பி. வார்டன் வீடு வீடாக மிரட்டிவிட்டுப் போவான். அவன் பின்னாலேயே நான் போய், தேங்கிய தண்ணீரைக் கொட்டு, கொசு முட்டையிடும் என்று மிரட்டுவேன். பென்ஷன் வாங்குகிற ஐயர் ஒருவர் என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஏன் சார், ஜலம் ரொப்பி வைக்கலேன்னா ஃபைன்ங்கறான் அவன். ரொப்பி வெச்சா ஃபைன்ங்கறீர் நீர். ஜப்பான்காரன் முன்னாடி வருவானா, கொசு முன்னாடி வருமா? ரெண்டு பேருமாப் பேசி முடிவு பண்ணிண்டு வாங்கோ. எங்காத்துல இருக்கறது ஒரே ஒரு வாளி."

அவர் ஒத்துழைக்க மறுத்ததாக டைரியில் எழுதிவைத்தேன். அந்தத் தெருவில் புத்தியோடு பேசியவர் அவர் ஒருவர்தான். சர்க்கார் ஆள் ஒருவன் சொல்வதை இன்னொரு சர்க்கார் ஆள் கெடுப்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டு ஆளும் ஒருவனாகவே இருக்க முடியும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எனக்கு அப்போது மலேரியாப் பைத்தியம். மலேரியாக் கொசு கிணற்றில் வளரும் என்று படித்திருந்தேன். பூட்டிய வீடுகளில் கிணறு சும்மா கிடந்தது. அவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினால் புழு மூச்சு முட்டிச் சாகும். ஆனால் யுத்தத்தில் மண்ணெண்ணெய்க்கு ரேஷன். எங்கள் வழக்கில் கிருஷ்ணாயில். இலாகாவுக்கு வந்த கிருஷ்ணாயில் ரெண்டு கிணற்றுக்கே காணவில்லை. யாரிடம் பிடுங்கலாம் என்று அலைந்தேன்.

சாந்தோம் பக்கம் ஒரு தர்ம வார்டு இருந்தது. பெயர் வேண்டாம். பதினாறு கட்டில் போட்ட ஒரே ஹால். ஏழைகளுக்கு இலவசப் படுக்கை. அங்கே ஒவ்வொரு கட்டில் காலும் ஒரு கல் கிண்ணத்துக்குள் நிற்கும். கிண்ணத்தில் கொஞ்சம் கிருஷ்ணாயில் ஊற்றி வைத்திருப்பார்கள். கஞ்சி சிந்திய படுக்கைக்கு எறும்பு ஏறாமல் இருக்க இந்த ஏற்பாடு. பதினாறு கட்டில், அறுபத்து நாலு கிண்ணம். அதற்காக மாதம் ஒரு டின் அவர்களுக்கு வந்துகொண்டிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. எறும்புக்குக் கிருஷ்ணாயிலா! இலாகா முத்திரை போட்ட காகிதத்தில் எழுதினேன். "எறும்பைத் தடுக்கத் தண்ணீரே போதுமானது. இனி கிண்ணங்களில் தண்ணீர் மட்டும் ஊற்றவும். மண்ணெண்ணெய் டின் சுகாதார இலாகாவிடம் ஒப்படைக்கப்பட வேண்டியது." கீழே என் கையெழுத்து. அழகான கையெழுத்து. இந்த அறிவைக் கண்டு நானே மகிழ்ந்துபோனேன். டின்னைக் கொண்டுபோய்க் கிணறுகளில் ஊற்றினேன்.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் ஆரம்பித்தது.

நல்லாயிருந்தவன் நடுப்பகலில் திடீரென்று நடுங்கிப் படுப்பான். கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிக்கிற மாதிரி வலி. முதுகும் முட்டியும் யாரோ கழற்றிப் போட்ட மாதிரி ஆகிவிடும். மூணு நாளில் காய்ச்சல் விடும். அப்பாடா என்று எழுந்தால் மறுபடி பிடிக்கும். உடம்பெல்லாம் சிவப்பாகத் தடிக்கும். பிறகு போய்விடும். போன பிறகும் ஒரு மாதத்துக்கு ஆள் நடைப்பிணம்.

எல்லோரும் மலேரியா என்றார்கள். எல்லோருக்கும் குயினைன் வேண்டும். குயினைன் வருகிற ஜாவாத் தீவை ஜப்பான்காரன் பிடித்துவிட்டதால் மாத்திரை கண்ணில் படவில்லை. கிடைக்காத மருந்துதான் நல்ல மருந்து என்பது நம் ஜனங்களின் வைத்திய சாஸ்திரம். நானும் மலேரியா என்றே எழுதிக்கொண்டிருந்தேன். தர்ம வார்டு டாக்டரம்மாதான் நிறுத்தினார். ஒல்லியான அம்மாள். சிரித்துப் பார்த்ததில்லை.

"பத்துப் பேர் ரத்தம் எடுத்து ஸ்லைடு பார்த்தாச்சு. மலேரியாக் கிருமி ஒண்ணுல கூட இல்லை. குயினைன் குடுத்தா காதுதான் அடைக்கும். இது டெங்கு, மிஸ்டர் இன்ஸ்பெக்டர்."

"டெங்குவுக்கு என்ன மருந்து டாக்டர்?"

"படுக்கை. கஞ்சி. பொறுமை."

"மருந்தில்லாத வியாதியை ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது?"

"வியாதிக்கு உங்க ரிப்போர்ட்டைப் பத்திக் கவலை இல்லை. எழுதாம விட்டாலும் வரும்."

டெங்கு என்றால் அது வேறு கொசு என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். காலில் வெள்ளை வரி போட்ட கறுப்புக் கொசு. கிணறும் சாக்கடையும் அதற்கு ஆகாது. மனிதன் குடிக்கிற மாதிரி நல்ல தண்ணீர் வேண்டும், அதுவும் வீட்டுக்குள்ளேயே சின்னப் பாத்திரத்தில் வேண்டும். பகலில் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து நூறு அடி போனால் அதற்கு அதுவே வெளியூர்ப் பயணம். இவ்வளவும் தெரியும். தெரிந்தவனிடம் வேலையை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

எங்கள் ஹெல்த் ஆபீசருக்கு அவசரம். யாரோ ஒரு துரையின் சமையல்காரனுக்கும் காய்ச்சல் வந்து, துரை இரண்டு நாள் ரொட்டி மட்டும் தின்றிருந்தார். "என்னய்யா, ஒரு வாரத்துல காய்ச்சல் எங்கேருந்து வருதுன்னு எனக்குச் சொல்லணும்" என்றார்.

பெரிய வரைபடத்தைச் சுவரில் மாட்டினேன். காய்ச்சல் வந்தவன் வீடு எங்கே என்று விசாரித்து, அங்கே ஒரு சிவப்பு ஊசி குத்தினேன். மயிலாப்பூரில் இங்கொன்றும் அங்கொன்றும். சாந்தோம் குப்பம் ஒன்றில் மட்டும் ஊசி மேல் ஊசி. வரைபடம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆபீசர் வந்து பார்த்து, ஊசிகளை விரலால் தடவினார்.

"தெரியுதே. குப்பம்தான். போய் ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு எழுதிக் குடு."

நான் மயிலாப்பூர்க்காரன். எனக்குக் குப்பத்து வாசனை ஆகாது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ரோட்டு ஓரத்தில் சைக்கிளை நிறுத்தினேன். கூரைகள் தெரிந்தன. கருவாடு காய்ந்தது. போதும் என்று தோன்றியது. அறைக்கு வந்து எழுதினேன். "குப்பம் முழுவதும் குடிசை குடிசையாக ஆய்வு செய்யப்பட்டது. உடைந்த பானைகளிலும் படகுகளிலும் தேங்கிய நீரில் ஏராளமான கொசுப்புழுக்கள் காணப்பட்டன." கற்பனை நன்றாக ஓடிய நாள் அது.

அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. கடலோர முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்துக் குடிசைகளைப் பிரித்துவிட வேண்டும். வருகிற திங்கட்கிழமை காலை. நோட்டீஸ் ஒட்டியாயிற்று. நல்ல காரியத்துக்கு மாதக்கணக்கில் தூங்குகிற இலாகா இதற்கு மட்டும் குதிரையில் வந்தது.

நோட்டீஸ் ஒட்டிய புதன்கிழமை மத்தியானம் எனக்குக் காய்ச்சல் வந்தது.

கண்ணுக்குப் பின்னால் ஆணி என்று மேலே எழுதினேனே, அது புத்தகத்தில் படித்ததில்லை. வியாழக்கிழமை பகல் பாயில் சுருண்டு கிடந்தபோது கதவை யாரோ கையால் அறைந்தார்கள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. மீன் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு ஒரு பொம்பளை உள்ளே வந்தாள். அவள் முகம் தெரியும். சவேரியம்மா. கட்டுமரம் காலில் ஏறி ரணமாகி அவள் புருஷன் தர்ம வார்டில் ஒரு மாதமாகப் படுத்திருந்தான். ஒட்டியிருந்த நோட்டீஸைக் கிழித்துக் கையில் கொண்டுவந்திருந்தாள்.

"இன்னா இன்ஸ்பெக்டரு, இந்தப் பேப்பரு உன் வேலதான?"

"அது ஆபீசர் உத்தரவு" என்றேன். நாக்கு தடித்திருந்தது.

"ஆபீசரு உன் பேப்பரப் பாத்துத்தான் போட்டாராம். பியூனு சொன்னான். நீ குப்பத்துல ஊடு ஊடா பூந்து பாத்தியாம். எந்த ஊட்டுக்கு வந்த நைனா? எங்க கொட்டாயி மொத வரிசைல கீது, கெயக்கு ஓரம். எங்க ஊட்ல எத்தினி பானை கீது சொல்லு பாப்போம்."

நான் போர்வையை இழுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டேன்.

"பானைல தண்ணி தேங்கி நிக்கிதுன்னு எயுதினியாமே. தண்ணி ஏது எங்களுக்கு? ஒரு கொடம் தண்ணிக்கு ரோட்டாண்ட குழாயில மணிக்கணக்கா நின்னுகினு கீறோம். கொண்டாந்த தண்ணி அடுப்பாண்ட போறதுக்குள்ள தீந்துடுது. அத்த தேங்க உடறதுக்கு நாங்க இன்னா மயிலாப்பூர்க்காரங்களா?"

அப்புறம்தான் அவள் என்னைச் சரியாகப் பார்த்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"காச்சலா? யாரும் இல்லியா உனக்கு?"

"ஊருக்குப் போயிருக்கிறார்கள்."

"ஆளில்லாம படுத்துகினு கீறே. கஸ்மாலம், இப்ப நான் எப்டிப் போறது?"

போகாமல் உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி. நோயாளியைத் தனியாக விட்டுப் போகக் கூடாது என்பது அவர்கள் குப்பத்து வழக்கம். அது எதிரியாக இருந்தாலும் சரியாம். அப்படியே சொன்னாள். எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு திட்டு வீதம். கூடையில் இருந்த மீன் வாசலில் வெயிலில் கெட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்து என்னைத் திட்டினாள். எனக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லாததால் எல்லாவற்றையும் கேட்டேன். ஓர் அதிகாரியை ஜனங்கள் பேசுவதைக் கேட்க வைக்க வேண்டுமானால் இப்படித்தான் படுக்க வைக்க வேண்டும்.

"எம் புருசன்கூட வார்டுல இப்டித்தான். ஒரு நாளாச்சும் தனியா உட்டிருப்பமா? காலைல அவன் தம்பி. அப்பால நான். அப்பால எங்க தெருவுல யாராச்சும். ஒர்த்தர் எந்திரிச்சா ஒர்த்தர் குந்திக்குவோம். குப்பமே வந்துட்டுப் போயிடுச்சு. உங்க மயிலாப்பூர்க்காரங்க வருவாங்க, வாசல்ல நின்னு எட்டிப் பாப்பாங்க, போய்க்கினே இருப்பாங்க."

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். என்னை அவரிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தாள். வாசல்படியில் திரும்பி நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். எங்க குப்பத்துலேந்துதான் காச்சல் வருதுன்னே. நீ குப்பத்துக்கு வரவே இல்ல. அப்ப உனக்கு எப்டி வந்துச்சு?"

அவள் போய்விட்டாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இதை உங்கள் மூளையில் ஆணி அடித்து மாட்டிக்கொள்ளுங்கள். நான் படித்த புத்தகம், குத்திய ஊசி, ஆபீசர் தடவிய வரைபடம், எதிலும் அந்தக் கேள்வி இல்லை. பகலில் கடிக்கிற கொசுவைத் தேடுகிறவன், காய்ச்சல்காரன் ராத்திரி எங்கே படுக்கிறான் என்று கேட்டுக் கேட்டு ஊசி குத்தியிருக்கிறேன். பகலில் எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று ஒருவனையும் கேட்கவில்லை. என்னையே கேட்கவில்லை. மூட்டு வலியோடு அன்று கேட்டுப் பார்த்தேன். காலையில் சைக்கிளில் சுற்றுவேன். ஆபீசில் மாடியில் காற்று வீசும், கொசு கிடையாது. தினம் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை காய்ச்சல் பதிவேடு எழுத ஓர் இடத்தில் உட்காருவேன். தர்ம வார்டில். நாலாம் கட்டில் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி.

சனிக்கிழமை காய்ச்சல் கொஞ்சம் விட்டது. ரிக்‌ஷா பிடித்துப் போனேன். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். கால் சட்டையை முட்டி வரை மடித்துவிட்டுக் காத்திருந்தேன். என் சர்வீஸில் நான் உருப்படியாகச் செய்த முதல் ஆய்வு, என் காலை நானே பார்த்துக்கொண்டிருந்ததுதான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கணுக்காலில் சுருக்கென்றது. கறுப்புக் கொசு. காலில் வெள்ளை வரி. அடித்தேன், தப்பித்தது. கட்டிலுக்கு அடியில் பறந்து, கட்டில் கால் நிற்கிற கிண்ணத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது.

குனிந்து பார்த்தேன். கிண்ணத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குள் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து, மூச்சு வாங்கி, கீழே போய்க்கொண்டிருந்தன. அடுத்த கால், அதே. அடுத்த கட்டில், அதே. நோயாளி மேலே படுத்திருக்கிறான். கொசு கீழே பிறக்கிறது. பிறந்த குழந்தை மாடி ஏறிப் போய் அவனைக் கடிக்கிறது. பத்து நாளில் விஷம் ஏறி, பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறவளைக் கடிக்கிறது. குப்பத்தில் ஏன் ஊசி மேல் ஊசி? அவர்கள் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தார்கள். மயிலாப்பூரில் ஏன் இல்லை? எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் வரைபடத்தில் குத்தியது வியாதியை இல்லை. எந்தத் தெருவில் மனுஷன் மனுஷனோடு ஒட்டிக்கொண்டிருந்தானோ அந்தத் தெருவைக் குத்தியிருக்கிறேன்.

வார்டு ஆயா ஒரு முஸ்லிம் அம்மாள், பீவி. கிண்ணத்தைக் காட்டி, "இதில் தண்ணீர் ஊற்றச் சொன்னது யார்?" என்று கத்தினேன்.

"என்னா சாப், நீங்கதானே எளுதிக் குடுத்தீங்க? கடுதாசியைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன் பாருங்க. ஒரு நாள் தவறினது இல்லை. குறையக் குறைய ஊத்திட்டே வர்றேன். ஒரு எறும்பு ஏறச் சொல்லுங்க பார்ப்போம்!"

ஊற்றிக்கொண்டே இருந்தாள். கொட்டவில்லை. கொட்டச் சொல்லி நான் எழுதவில்லை. சுவரில் என் கையெழுத்து, கஞ்சி தடவி நாலு மூலையும் அழுத்தி ஒட்டியிருந்தது. என் சர்வீஸில் ஓர் எழுத்து பிசகாமல் நிறைவேற்றப்பட்ட ஒரே உத்தரவு அது.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன். சுவரிலிருந்து காகிதத்தைக் கிழித்துப் பைக்குள் போட்டேன். பீவியும் நானும் அறுபத்து நாலு கிண்ணத்தையும் கவிழ்த்து, உட்புறம் தேய்த்துக் கழுவினோம். முட்டை கிண்ணத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாது, தேய்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்த பல விஷயங்களில் ஒன்று. காய்ச்சல்காரர்களுக்குக் கொசு வலை கட்டச் சொன்னேன். இனி காய்ச்சல் தானாகக் குறையும், யாருக்கும் ஒன்றும் எழுத வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். குப்பம்? ஏதாவது ஆகும், மழை வரும், ஆபீசர் மறப்பார். நம் உத்தியோகத்தில் இதற்குப் பெயர் நிதானம்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கை துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"கிண்ணத்தைக் கவுத்துட்டீங்க. சந்தோஷம். திங்கட்கிழமை கொட்டாயைக் கவுக்கப் போறாங்களே, அதை யார் நிமிர்த்துவாங்க?"

நேராக ஆபீசர் வீட்டுக்குப் போனேன். கிண்ணங்களைக் கவிழ்க்கும்போதே, உத்தியோகப் பழக்கத்தில், கொஞ்சம் தண்ணீரைப் புழுவோடு ஒரு மருந்துப் பாட்டிலில் எடுத்து வைத்திருந்தேன். மேஜை மேல் வைத்துச் சொன்னேன். அவர் பாட்டிலைத் தொடவில்லை.

"சரிய்யா, அங்கேயும் புழு இருந்தது. குப்பத்திலேயும் இருந்தது. நீதானே பார்த்து எழுதினே?"

"இல்லை சார். நான் குப்பத்துக்குள் போகவில்லை."

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாக, ஒரு தகப்பனார் மாதிரி பேசினார். "நீ சொன்னது என் காதுல விழலை. ரிப்போர்ட் மேலே போயாச்சு. நீ இப்ப வேற மாதிரி எழுதினா, பொய் ரிப்போர்ட் குடுத்த இன்ஸ்பெக்டர்னு உன்னை வீட்டுக்கு அனுப்புவாங்க. குடும்பஸ்தன். காய்ச்சல் வேற. வீட்டுக்குப் போய்ப் படு."

போய்ப் படுத்தேன். உங்களிடம் வீரம் பேசி என்ன பயன்? சனிக்கிழமை மீதியும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படுத்தே கிடந்தேன். மறுபடி வந்த காய்ச்சல் நல்ல சாக்காக இருந்தது. வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்தேன். ஒரு குடிசையைத் திரும்பக் கட்ட எத்தனை நாள் ஆகும், பத்து நாளா, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று யோசித்தேன். சுவர் ஓரத்தைப் பார்த்தேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்த இடம். அங்கே உட்கார்ந்ததால் அவளுடைய ஒரு நாள் மீன் கெட்டுப் போயிற்று. அவள் கணக்குப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் எழுதினேன். முதல் வரி: "குப்பத்தை ஆய்வு செய்ததாக நான் எழுதியது பொய்." இரண்டாவது வரி: "காய்ச்சலுக்குக் காரணமான தண்ணீர், என் உத்தரவின் பேரில் ஊற்றப்பட்டது." சுவரிலிருந்து கிழித்த காகிதத்தையும் சேர்த்துக் குத்தினேன். டாக்டரம்மா வார்டுப் பதிவேட்டிலிருந்து, காய்ச்சல் வந்த குப்பத்துக்காரர் யார் யார் எத்தனை நாள் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எங்கள் ஆபீசரைத் தாண்டி, அவருக்கு மேலே இருந்தவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். வேலையை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். அந்த ஆள் டீ குடித்துவிட்டுத்தான் போனான்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பிணம் புதைப்பதைப் பதிவு செய்கிற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே தப்பான ஆய்வு எழுதினால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். காய்ச்சல் ஒரு மாதத்துக்குள் அடங்கிவிட்டது. வருஷ அறிக்கையில் அதைப் பற்றி ஒரு பத்தி வந்தது. "கடலோரக் குடிசைகளில் ஒரு பகுதி உரிய காலத்தில் அகற்றப்பட்டதால் காய்ச்சல் கட்டுக்குள் வந்தது." கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் பழைய அறிக்கைகளைப் படித்து வேலை கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துகள்.

ஒரு பகுதி என்று எழுதியிருந்தார்களே, அது முதல் வரிசை. அந்தத் திங்கட்கிழமை மேலதிகாரியைப் பார்த்துவிட்டு நான் நேராகக் குப்பத்துக்குப் போனேன். ரோட்டில் இறங்கி, மணலில் நடந்து, முதல் தடவையாக உள்ளே போனேன். கைக்குட்டையை எடுக்கவில்லை. முதல் வரிசை தரையில் கிடந்தது. ஓலை ஒரு பக்கம், கழி ஒரு பக்கம். ஆட்கள் அடுத்த வரிசைக்குக் கயிறு கட்டியிருந்தார்கள், டீ குடித்த ஆள் அப்போதுதான் வந்து நிறுத்தச் சொன்னதால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிழக்கு ஓரத்தில் சவேரியம்மா ஓலைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டு நடக்கிறவன் நடையைப் பார்த்தே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்திருக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வந்துட்டியா நைனா" என்றாள். "இப்பக் குந்தி எண்ணு, எத்தினி பானைன்னு."

மணலில் உட்கார்ந்து எண்ணினேன். ஒன்றுதான் இருந்தது. காய்ந்துபோய், கவிழ்த்து வைத்திருந்தது.